கடலில் மிதந்து வந்த பீப்பாய்

கடப்பாக்கத்துக்கு நேயர்களில் எத்தனை பேர் போயிருப்பார்களோ, நாம் அறியோம். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மகாபலிபுரத்தைத் தாண்டி, கல்பாக்கத்தைத் தாண்டி, இன்னும் கொஞ்ச நேரம் பஸ்ஸில் குலுங்கினால் வரும் ஊர் அது. செங்கற்பட்டு ஜில்லாவில் செய்யூர்த் தாலுகாவைச் சேர்ந்தது. ஊருக்குக் கிழக்கே கழியின் ஓரத்தில் ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. மொகலாயர் நாளில் எழும்பி, 1750ல் முஸாபர் ஜங்கின் கையால் பிரெஞ்சுக்காரனான டூப்ளேக்குக் கிடைத்து, 1760ல் இங்கிலீஷ்காரன் கையால் தகர்க்கப்பட்ட கோட்டை. ஒரு காலத்தில் இங்கேயிருந்து ஜரிகைத் துணியும் உப்பும் நெய்யும் கப்பலேறினவாம். இப்போது சினிமாக்காரர்கள் வந்து படம் பிடிக்கிறார்கள். காதலர்கள் சுவரில் பெயர் கிறுக்குகிறார்கள்.

நமது பள்ளிக்கூடத்து விடுமுறையில் சகா ஒருவருடன் அந்தக் கோட்டையைப் பார்க்கப் போயிருந்தோம். சரித்திரம் போதிக்கிற நமக்கு இடிந்த செங்கல்லைக் கண்டால் ஒரு மயக்கம் உண்டு. வெயில் தாளாமல் மீனவர் குப்பத்துப் பக்கம் ஒதுங்கியபோது, கீற்றுக் கொட்டகையின் நிழலில் வலை சீர்ப்படுத்திக் கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். நாம் உபாத்தியாயர் என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. பேரனுக்கு வந்திருக்கிற இங்கிலீஷ் கடிதம் ஒன்றைப் படித்துச் சொல்ல வேண்டுமாம். பேரன் வீட்டில் இல்லை. வரும்வரை இருக்க வேண்டும் என்றார். அப்படி அவன் வருகிற வரையில் பேசிக் கொண்டிருந்த பேச்சுத்தான் இந்தக் கட்டுரைக்கு வித்து.

2020ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் மகாபலிபுரத்தை அடுத்த கொக்கிலமேட்டுக் கரையில் ஒரு பீப்பாய் ஒதுங்கிய செய்தி நேயர்களுக்கு ஞாபகமிருக்கலாம். உள்ளே சீன எழுத்துப் போட்ட தேயிலைப் பொட்டலங்கள் அடுக்கடுக்காக இருந்தன. தேயிலைதான் இல்லை. போலீஸார் சோதித்துப் பார்த்ததில், அது மெத்தாம்பெட்டமைன் என்னும் லாகிரி வஸ்து என்று தெரிந்தது. எடை 70 கிலோவுக்கு மேல். யார் அனுப்பியது, யாருக்குப் போய்ச் சேர வேண்டியது என்று எந்தப் பொட்டலத்தின் மேலும் எழுதியிருக்கவில்லை. சமுத்திரத்துக்கு விலாசம் ஏது?

“கடல்லே மிதந்து வர்றதெல்லாம் கடலம்மா கொடுத்ததுன்னுதான் எங்க பாட்டன் காலத்திலேருந்து எடுத்துக்கிட்டு வர்றோம், வாத்தியாரையா” என்றார் பெரியவர். “மரக்கட்டை வரும், பிளாஸ்டிக் டின்னு வரும், அறுந்து போன வலை வரும். எல்லாத்தையும் படகிலே தூக்கிப் போட்டுக்குவோம். அந்தப் பீப்பாயைக் கரையிலே கண்டெடுத்ததாலே ஒண்ணும் ஆகல்லே. அதையே நடுக்கடல்லே நான் எடுத்துப் படகிலே போட்டிருந்து, அப்போ கடற்படைக்காரன் வந்திருந்தா?”

இந்தக் கேள்வியை வேடிக்கையாக ஒதுக்கிவிட முடியவில்லை. நமக்கு உடனே ராமேசுவரத்து ஐவரின் ஞாபகம் வந்தது.

2011ஆம் வருஷம் நவம்பர் 28ஆம் தேதி, ராமேசுவரத் தீவிலிருந்து கடலுக்குப் போன ஐந்து மீனவர்களை இலங்கைக் கடற்படையார் பிடித்தார்கள். எல்லை தாண்டியதற்காகப் பிடிப்பது அந்தக் கடலில் மாதாந்தரச் சடங்கு. சில வாரம் காவலில் வைப்பார்கள், இரண்டு சர்க்கார்களும் பேசிக்கொள்ளும், ஆள் திரும்பி வருவான், படகு திரும்பாது. ஆனால் இந்தத் தடவை படகில் ஹெராயின் இருந்தது என்றார்கள். ஐவரும் தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றார்கள். அவர்களோடு யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த மூன்று தமிழர்களும் குற்றம் சாட்டப்பட்டார்கள். மூன்று வருஷம் வழக்கு நடந்தது. 2014ஆம் வருஷம் அக்டோபர் 30ஆம் தேதி கொழும்பு ஹைகோர்ட்டு எட்டுப் பேருக்கும் மரண தண்டனை விதித்தது.

இலங்கையின் சட்டம் இந்த விஷயத்தில் ஈவிரக்கம் அற்றது. 1984ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி, 2 கிராம் ஹெராயின் வைத்திருந்தால் போதும்: மரண தண்டனை, அல்லது ஆயுள் முழுவதும் சிறை. நம் வீட்டு அம்மாமார் ரசத்துக்குப் போடும் உப்பைவிடக் குறைந்த அளவு அது. ஆனாலும் ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 1976க்குப் பிறகு அந்தத் தேசத்தில் யாரையும் தூக்கிலிடவில்லை. நீதிபதிகள் தீர்ப்பு எழுதிக் கொண்டேயிருக்கிறார்கள். கயிறு சும்மா தொங்குகிறது. ஆகவே ராமேசுவரத்து ஐவரைத் தூக்கு மேடைக்கு உடனே கொண்டு போயிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் சும்மா தொங்குகிற கயிறு சும்மாவே இருக்கும் என்று யார் உறுதி தருவது? 2019ல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அலுகோசு வேலைக்கு ஆள் தேவை என்று விளம்பரமே செய்ய வைத்தார். லாகிரி வழக்கில் தண்டனை பெற்ற நால்வரின் மரண உத்தரவில் கையெழுத்தும் போட்டுவிட்டார். சுப்ரீம் கோர்ட்டு குறுக்கிட்டுத் தடை விதித்திராவிட்டால் நாற்பத்து மூன்று வருஷத்து வழக்கம் ஒரே விடியற்காலையில் முடிந்திருக்கும்.

கொழும்புத் தீர்ப்பு வந்த அன்று ராமேசுவரத்தில் கொந்தளிப்பு உண்டாயிற்று. பஸ் எரிந்தது, தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். சட்டசபைக் கட்சிகள் எல்லாம் அதிசயமாக ஒரே குரலில் பேசின. இந்திய சர்க்கார் தன் ஹைகமிஷன் மூலம் அப்பீல் தாக்கல் செய்தது. பிரதம மந்திரி நரேந்திர மோடி ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷவுடன் டெலிபோனில் பேசினார். ஜனாதிபதி மன்னிப்புக்கு வழி விடுவதற்காக அப்பீலை வாபஸ் வாங்கினார்கள். நவம்பர் 19ஆம் தேதி ஐவரும் விடுதலையானார்கள். தூக்குத் தண்டனைக்கும் விடுதலைக்கும் நடுவே இருந்தது இருபதே நாள்! 2015 ஜனவரியில் அங்கே ஜனாதிபதித் தேர்தல் நடக்க இருந்தது என்பதை ராஜதந்திரம் தெரிந்த நேயர்கள் மறக்க மாட்டார்கள்.

ஐந்து குடும்பங்களில் அடுப்பு மறுபடி புகைந்தது, நமக்குச் சந்தோஷந்தான். ஆனால் சந்தோஷத்தின் ஓரத்தில் ஒரு முள் இருக்கிறது. மன்னிப்பு என்பது, ‘நீ நிரபராதி’ என்ற தீர்ப்பு அல்ல. ‘நீ செய்தாய், ஆயினும் போ’ என்பதுதான் அதன் பொருள். ஹெராயின் யாருடையது? யார் படகில் வைத்தார்கள்? அல்லது வைக்கவே இல்லையா? அப்பீல் விசாரணை நடந்திருந்தால் ஒருவேளை இதற்கு விடை கிடைத்திருக்கும். டெலிபோன் மணி அடித்ததில் விசாரணை நின்று போயிற்று. அந்த ஐவர் தங்கள் பெயரைத் திரும்பப் பெறாமலே ஊர் திரும்பினார்கள். இன்னொன்றும் உண்டு. விமானம் ஏறியவர்கள் ஐவர்தான். அதே வழக்கில், அதே நாளில், அதே நீதிபதியின் வாயால் அதே தண்டனை பெற்ற மூன்று யாழ்ப்பாணத்தவருக்காக இக்கரையில் ஒரு தண்டவாளமும் பெயரவில்லை. அவர்களும் தமிழ்தான் பேசினார்கள்.

சர்க்கார் உரக்கப் பேசினால் எப்போதும் பலிக்கும் என்றும் சொல்வதற்கில்லை. சிங்கப்பூரைப் பாருங்கள். மலேயாவில் ஈப்போ பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை நாகேந்திரன் தர்மலிங்கம், 2009ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பிடிபட்டார். தொடையில் கட்டியிருந்த பொட்டலத்தில் 42.72 கிராம் ஹெராயின் இருந்தது. சிங்கப்பூர்ச் சட்டத்தில் 15 கிராமைத் தாண்டினால் தூக்கு. அதாவது, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரைக்கு இந்தப் பக்கம் சிறை, அந்தப் பக்கம் மரணம். அவருடைய நுண்ணறிவு அளவு 69 என்று வைத்தியர் கணக்கிட்டார். நூறுதான் சராசரி என்பது நேயர்கள் அறிந்ததே. என்றாலும், தாம் செய்வது இன்னதென்று அறிந்தே செய்தார் என்று கோர்ட்டு தீர்மானித்தது. 2021 நவம்பரில் நாள் குறித்தார்கள். மலேசியப் பிரதமர் கடிதம் எழுதினார். அந்த நாட்டு மன்னரும் வேண்டிக் கொண்டார். ஐரோப்பாவிலிருந்தும் வேண்டுகோள்கள் வந்தன. குறித்த நாளுக்கு முன்பு அவருக்குக் கொரோனா நோய் கண்டதால், குணமாகும் வரையில் தூக்கை ஒத்திவைத்தார்கள். நோயாளியைத் தூக்கிலிடுவது அநாகரிகம் என்ற எண்ணம் போலும்! 2022ஆம் வருஷம் ஏப்ரல் 26ஆம் தேதி அவர் தாயாரின் கடைசி மனுவையும் கோர்ட்டு தள்ளியது. கண்ணாடித் தடுப்பின் சிறு இடைவெளி வழியே அந்தத் தாய் மகனுடைய விரல்களைப் பிடித்துக்கொள்ள அனுமதித்தார்கள். மறுநாள் விடியுமுன் சாங்கி சிறையில் எல்லாம் முடிந்துவிட்டது.

‘பொட்டலத்தைத் தொடையில் கட்டிக்கொண்டு போனவனுக்கு இரக்கமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களை நாம் குறை கூறமாட்டோம். நம்மிடம் படித்த பிள்ளைகளில் இருவர் இந்த லாகிரிப் பழக்கத்தில் விழுந்து, ஒருவன் புத்தி பேதலித்துத் திரிவதைக் கண்ணால் கண்டிருக்கிறோம். வகுப்பில் கணக்குப் போடுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அவனுடைய தகப்பனார் தெருவில் எதிர்ப்பட்டால் நம்மைப் பார்க்காதது போல் போகிறார். அந்த விஷத்தை விற்றவனை எதிரில் நிறுத்தினால் நாமே என்ன செய்வோமோ தெரியாது. ஆனால் தூக்கு மேடையில் ஏறுகிறவன் அந்த விற்றவன்தானா என்பதே நம் கேள்வி.

சிங்கப்பூர்ச் சட்டத்தில் ஓர் ஷரத்து இருக்கிறது. ஒருவனிடத்தில் லாகிரிப் பொட்டலம் இருந்தால், அது இன்ன வஸ்து என்று அவனுக்குத் தெரியும் என்றே சட்டம் அநுமானித்துக் கொள்ளும். தெரியாது என்று நிரூபிப்பது அவன் பொறுப்பு. சாதாரணமாகக் குற்றத்தை சர்க்கார் நிரூபிக்க வேண்டும் அல்லவா? இங்கே குற்றமற்ற தன்மையைக் கைதி நிரூபிக்க வேண்டும். நமக்குத் தபால் கொண்டு வரும் தபால்காரருக்கு எல்லா உறைக்குள்ளும் இருப்பது தெரியும் என்று சட்டம் சொன்னால், அவர் அதை மறுத்து எப்படி நிரூபிப்பார்? ‘தெரியாது’ என்பதற்குச் சாட்சி எங்கே கிடைக்கும்?

2013 முதல் அங்கே ஒரு சலுகை கொடுத்தார்கள். வெறும் சுமைகாரனாக இருந்து, அதிகாரிகளுக்கு உருப்படியான தகவல் தந்து, அதற்கு அத்தாட்சியும் பெற்றால், நீதிபதி தூக்குக்குப் பதில் ஆயுள் தண்டனையும் பிரம்படியும் விதிக்கலாம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சற்று யோசியுங்கள். கூட்டத்தின் ரகசியங்களை அறிந்தவனிடம் விற்பதற்குத் தகவல் இருக்கிறது; அவன் பிழைப்பான். ‘யாரோ ஒருவன் கொடுத்தான், இன்ன இடத்தில் இன்னொருவன் வாங்கிக் கொள்வான்’ என்பதற்கு மேல் ஒன்றும் அறியாத ஏழையிடம் என்ன இருக்கிறது? குறைவாகத் தெரிந்தவனுக்குக் கூடுதல் தண்டனை! மனுநீதிச் சோழன் கதையைப் படித்து வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கு விளங்கவே இல்லை. 2023ஆம் வருஷம் ஏப்ரல் 26ஆம் தேதி தூக்கிலிடப்பட்ட தங்கராஜு சுப்பையா கஞ்சாவைக் கையால் தொட்டதே இல்லை. டெலிபோன் எண்களைக் கொண்டு அவரை அந்தக் கடத்தலோடு கட்டினார்கள்.

அன்னிய தேசத்துச் சட்டத்தைப் பழிப்பது சுலபம். நம் வீட்டுத் திண்ணையையும் பார்க்க வேண்டும். நம் தேசத்தின் 1985ஆம் வருஷத்து லாகிரிச் சட்டத்திலும் குற்ற மனம் இருந்ததாக அநுமானிக்கும் ஷரத்து உண்டு. இரண்டாம் தடவை பெருமளவில் பிடிபட்டவனுக்கு மரண தண்டனையைத் தவிர வேறு தண்டனையே கிடையாது என்றுகூட 1989 முதல் எழுதி வைத்திருந்தோம். 2011ல் பம்பாய் ஹைகோர்ட்டுதான் அந்தக் கட்டாயம் செல்லாது என்றது. 2014ல் பார்லிமெண்டும் சட்டத்தைத் திருத்தி, நீதிபதியின் விருப்பத்துக்கு விட்டது. ராமேசுவரத்து ஐவருக்காக நாம் கண்ணீர் விட்ட அதே வருஷம்! மலேசியாவும் 2023 ஜூலையில் கட்டாய மரண தண்டனையை எடுத்துவிட்டது. தன் பிரஜை சிங்கப்பூரில் தூக்கேறியதைப் பார்த்த பிறகு, தன் சிறையில் இருக்கும் பிறர் பிள்ளைகளும் கண்ணில் பட்டிருக்கலாம்.

இதில் சரித்திரத்தின் பரிகாசம் ஒன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. ஆலம்பரைக் கோட்டையை இடித்த அதே கம்பெனிதான் பின்னால் பாட்னாவிலும் காஜிபூரிலும் அபின் காய்ச்சிப் பெட்டி பெட்டியாகக் கல்கத்தாவில் ஏலம் போட்டது. சீனச் சக்கரவர்த்தி தடுத்தும் அந்த அபின் சீனத்துக்குப் போயிற்று. 1839ல் சீன அதிகாரி லின் ஸெஷூ அபின் பெட்டிகளைப் பறித்து அழித்தபோது பிரிட்டன் பீரங்கிக் கப்பலை அனுப்பியது. அந்த யுத்தத்தின் முடிவில் ஹாங்காங் தீவையே வாங்கிக் கொண்டார்கள். சிங்கப்பூரிலோ, வெள்ளைக்கார சர்க்காரின் வருமானத்தில் பெரும் பங்கு அபின் குத்தகையிலிருந்து வந்தது. மூட்டை தூக்கிய கூலியாள் இரவில் அபின் புகைத்தான். அந்தப் புகையில் ரஸ்தாவும் துறைமுகமும் எழும்பின. அன்று கப்பல் கப்பலாகக் கடத்தியவர்களுக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தது. நாற்பது கிராம் கடத்தியவனுக்குக் கயிறு கிடைத்தது இந்நாளில்.

நம் கதை கடற்கரையோடும் கப்பலோடும் முடிகிறதென்று நகரத்து நேயர்கள் நிம்மதி அடைய வேண்டாம். வீட்டிலிருந்து வெளிநாடு போகிற பிள்ளையின் பெட்டியை நினைத்துப் பாருங்கள். செங்கற்பட்டில் நமக்குத் தெரிந்த வீடு ஒன்றில் பையன் துபாய்க்குப் புறப்படுவதற்கு முதல்நாள் இரவு போயிருந்தோம். தெருவே அங்கே கூடியிருந்தது. எதிர் வீட்டு மாமி தன் மருமகனுக்கு ஊறுகாய் கொடுத்தார். மூன்றாம் வீட்டுக்காரர் தம்பிக்கு அப்பளக்கட்டு கொடுத்தார். யாரோ ஒருவருக்கு யாரோ ஒருவராக உறவு சொல்லிக்கொண்டு வந்தவர், தைத்து மூடிய துணிப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்து, “நாட்டு மருந்து, ஏர்ப்போர்ட்டுக்கு ஆள் வந்து வாங்கிக் கொள்வான்” என்றார். அந்த வீட்டு அம்மாள் கத்தரிக்கோலை எடுத்து, வந்தவர் கண்ணெதிரிலேயே தையலைப் பிரித்தார்! உள்ளே இருந்தது சுக்குப் பொடிதான். வந்தவருக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இன்றைக்கும் அந்த வீட்டாரோடு பேச்சு வார்த்தை இல்லையாம். அம்மாளின் மறு காரியம் இன்னும் நம்மைக் கவர்ந்தது. மகனுக்காகத் தாமே அரைத்து வைத்திருந்த குருமாப் பொடியை வெளியே எடுத்துவிட்டார். அதில் கசகசா கலந்திருந்தது. அபின் செடியின் விதையே கசகசா. வளைகுடா நாடுகள் சிலவற்றில் அதைக் கொண்டு போவதே குற்றம். நம் சமையலறையில் அஞ்சறைப் பெட்டிக்குள் இருக்கிற வஸ்து, விமானத்தில் நாலு மணி நேரம் பறந்தால் வழக்காகி விடுகிறது.

இப்படி நாம் பேச்சிலும் நினைவிலுமாகச் சுற்றிக் கொண்டிருந்தபோது பெரியவரின் பேரன் வந்து சேர்ந்தான். இருபத்திரண்டு வயதிருக்கும். கடலில் மீன் குறைந்துவிட்டது, படகுக் கடன் ஏறிவிட்டது, கப்பல் வேலைக்குப் போகிறேன் என்கிறான். வெளிநாட்டில் வேலை பார்த்துத் தர ஏஜெண்டு ஒருவர் எழுதியதுதான் அந்தக் கடிதம். படித்தோம். சம்பளத் தொகை தடித்த எழுத்தில் இருந்தது. கப்பலின் பெயர் ‘பின்னர் தெரிவிக்கப்படும்’ என்றிருந்தது. கப்பல் முதலாளி யார், எந்தக் கொடி, எந்தத் துறைமுகம் என்ற விவரமில்லை. ஏஜெண்டின் பதிவு எண்ணைத் தேடிப் பார்த்தோம், அதுவும் இல்லை.

நமக்கு அப்போது வேறு மூன்று தமிழ்நாட்டு மனிதர்களின் செய்தி நெஞ்சை அடைத்தது. கப்பல் வேலைக்குப் போன அந்த மூவரையும் 2024 ஜூலையில் இந்தோனேசியாவில் கரிமுன் தீவுக்கருகே பிடித்தார்கள். கப்பலில் 106 கிலோ மெத்தாம்பெட்டமைன் இருந்ததாம். மூவரும் மறுத்தார்கள். 2025ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அவர்களுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மனைவிமார் டில்லி ஹைகோர்ட்டில் மனுப் போட்டார்கள். அவர்கள் அப்பீல் செய்யத் தூதரகம் உதவ வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவிட்டது. இந்தோனேசியாவில் தூக்கு இல்லை, துப்பாக்கிதான். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து ஆஸ்திரேலியப் பிரஜையான மயூரன் சுகுமாரனை, 2015ஆம் வருஷம் ஏப்ரல் 29ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் நூசகம்பாங்கான் தீவில் சுட்டார்கள். அவர் குற்றம் செய்தவரே; பத்து வருஷச் சிறையில் சித்திரம் எழுதக் கற்று, மற்றக் கைதிகளுக்கும் கற்றுக் கொடுத்தார். அவர் கூட்டத்திலேயே ஆயுள் தண்டனை பெற்றவர்களில் எஞ்சியிருந்த ஐவர் 2024 டிசம்பரில் ஆஸ்திரேலியாவுக்கு உயிரோடு திரும்பிப் போனார்கள்.

இதையெல்லாம் அந்தப் பையனிடம் சொல்லிப் பயமுறுத்துவதா வேண்டாமா என்று தயங்கினோம். காரியத்துக்கு உதவுவதை மட்டும் சொன்னோம். கப்பலுக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்டு மத்திய சர்க்காரின் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். மாலுமியிடம் வேலை வாங்கித் தருவதற்காகக் கட்டணம் வாங்கக் கூடாது. ஒப்பந்தத்தின் பிரதி ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். எந்தத் தேசத்தில் பிடித்தாலும், 1963ஆம் வருஷத்து வியன்னா உடன்படிக்கைப்படி தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்க உரிமை உண்டு. புரியாத பாஷையில் எழுதிய காகிதம் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது, துபாஷி கேட்க வேண்டும். சென்னையில் அயலகத் தமிழர் நல ஆணையரகம் என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. வீட்டார் அங்கே உடனே போகலாம். கைதிகளைத் தாயகத்துக்கு மாற்றும் ஒப்பந்தங்கள் பல தேசங்களோடு இருக்கின்றன. இலங்கையோடு 2010ல் செய்துகொண்டோம். ஆனால் மரண தண்டனை விதிக்கப்பட்டவனுக்கு அத்தகைய ஒப்பந்தம் பொதுவாக உதவாது. ஆகவே முதல் கோர்ட்டிலேயே நல்ல வக்கீல் வேண்டும். பெரியவருக்கும் ஒன்று சொன்னோம்: பீப்பாயோ பொட்டலமோ மிதந்து வந்தால் தொட வேண்டாம், 1093 என்ற எண்ணில் கடலோரப் போலீஸுக்குச் சொல்லுங்கள் என்று.

பையன் பொறுமையாகக் கேட்டுக் கொண்டான். பிறகு மெதுவாக, “ஒன்றரை லட்சம் கட்டியாச்சு, சார்” என்றான்.

“யாரிடம், தம்பி?”

“அதே ஏஜெண்டுகிட்டேதான். அம்மா நகையை வச்சுக் கட்டினோம். போகல்லேன்னா அந்தப் பணம் திரும்பாது. வட்டி யார் கட்டுவா?”

சங்கத்தில் விசாரிக்கலாம், போலீஸில் எழுதிக் கொடுக்கலாம், நாமே கூட வருகிறோம் என்று நாமும் சகாவும் மாற்றி மாற்றிச் சொன்னோம். அவன் தலையாட்டினான். கூட வருவானென்று அவன் முகத்தில் தெரியவில்லை. பெரியவர் வெகு நேரம் பேசாமலிருந்து விட்டு, நம்மைப் பார்த்துக் கேட்டார்:

“கப்பல்லே ஏத்துற பெட்டியையெல்லாம் இவன் திறந்து பார்க்க விடுவாங்களா, வாத்தியாரையா?”

“விட மாட்டார்கள், பெரியவரே” என்றோம்.

அவர் ஊசியை எடுத்து, விட்ட கண்ணியிலிருந்து வலையை மறுபடி பின்னத் தொடங்கினார். பேரன் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஏஜெண்டின் பெயரையும் டெலிபோன் எண்ணையும் நம் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, சாலையில் பஸ்ஸுக்காக வந்து நின்றோம்.